அவர் எடைக்கு மேல் ஒரு தட்டு

அவளோடு ஜோடி சேர்ந்து வேலை பார்க்க ஆரம்பித்த முதல் வாரமே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. படுக்கையில் கிடப்பவரைச் சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது ஆயாக்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் நிற்க வேண்டும். அடியில் விரித்திருக்கும் துணியை முறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, மூன்றில் தூக்க வேண்டும். அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவள் இரண்டிலேயே தூக்கிவிடுவாள். நான் மூன்றுக்கு வருவதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும். என் கைக்கு வந்து சேர்வது மிச்சம் மீதிப் பாரம்தான்.

அவசரத்தில் எண்ணுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"இன்னாக்கா, மூணு சொல்றதுக்குள்ள தூக்கிடற?"

"உனக்குச் சின்ன ஒடம்பு" என்றாள்.

அவளே என் தோள் உயரம்தான் இருப்பாள்.

நாங்கள் இரண்டு பேரும் கோலார் தங்கவயல்காரர்கள். பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில், நெடுநாளாகப் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கான வார்டில் ஆயா வேலை. அவள் மாரிகுப்பத்தில் ரயில் ஏறுவாள். நான் அடுத்து ஊரிகத்தில் ஏறுவேன். நான் வரும்போது ஜன்னலோரம் எனக்கு இடம் பிடித்து, அதில் தன் சாப்பாட்டுப் பையை வைத்திருப்பாள். ரயில் பங்காருப்பேட்டை தாண்டும்போது பெட்டி நெரியும். யார் எந்த மூட்டையோடு ஏறினாலும் அவள் கை முதலில் நீளும். "உடு, நான் எடுக்கறேன்." தக்காளிக் கூடையோ, துணி மூட்டையோ, எதுவாக இருந்தாலும் அது மேல்தட்டுக்குப் போய்விடும். உதவி செய்கிற முகம் கூட அவளுக்கு இருக்காது. ஈ ஓட்டுவது மாதிரி செய்துவிட்டு விட்ட பேச்சைத் தொடருவாள்.

அவளுடைய பாரத்தை மட்டும் யாரும் தொடக்கூடாது. ஒரு முறை காய்ச்சலோடு வேலைக்கு வந்திருந்தாள். திரும்பும்போது ஸ்டேஷன் படியில் நிற்க முடியாமல் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். நான் அவளுடைய பையை வாங்கப் போனேன். விடவில்லை. நான் இழுக்க, அவள் இழுக்க, காலி டிபன் பாக்ஸ் ஒன்று இருந்த பைக்காக நடுப் படியில் நாங்கள் சண்டை போட்டோம். பின்னால் வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில் பை அவளிடமே போயிற்று.

அவளுடைய உள்ளங்கையில், விரல்கள் தொடங்கும் இடத்தில், வரிசையாகக் காய்ப்பு. பாத்திரம் தேய்த்த காய்ப்பு அப்படி இருக்காது. அது எங்கிருந்து வந்தது என்று அவள் வீட்டுக்குப் போனபோதுதான் தெரிந்தது.

மாரிகுப்பத்தில், சுரங்கக் காலத்தில் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு. ஒரு அறை, பின்னால் ஒரு சமையல்கட்டு. அறையின் நீளத்துக்கு ஒரு இரும்புக் கட்டில். அதில் அவள் புருஷன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நிற்கிற அளவுக்குத்தான் இடம். மற்ற மூன்று பக்கமும் பீரோவும் சுவரும் கதவும். அவரைத் தூக்க வேண்டுமென்றால் அந்தச் சந்தில் நின்றுதான் தூக்க முடியும். இரண்டாவது ஆளுக்கு அங்கே இடமே கிடையாது.

அவர் ஒரு காலத்தில் பளு தூக்குகிறவர். அந்தப் பக்கத்தில் பேர் பெற்றவர். பிழைப்புக்குப் பெங்களூரில் ஒரு இரும்புக் கிடங்கில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். லாரி மேலிருந்து கம்பிக் கட்டோடு விழுந்ததில் முதுகுத்தண்டு போயிற்று. இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லை. தோளும் கழுத்தும் மட்டும் பழைய ஆளாகவே இருந்தன. நான் முதல் முறை போனபோது அவரைக் குளிப்பாட்ட நாற்காலிக்கு மாற்றுகிற நேரம். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"காலப் பரப்பு" என்றார் அவர். அவள் சந்துக்குள் கால்களை அகட்டினாள். "முதுக வளைக்காத. இடுப்ப எறக்கு. இன்னும். மூச்ச உள்ள இழு. ம்... இப்போ."

அவள் தூக்கினாள். அவர் கைகள் அவள் கழுத்தைச் சுற்றியிருந்தன. அவள் மூச்சு விடுகிற சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. அவருடைய முகத்திலும் நரம்பு புடைத்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்ததும் அவரும் சேர்ந்து மூச்சு விட்டார். பிறகு என்னைப் பார்த்து, "வாம்மா, ஒக்காரு" என்றார். உட்கார இடமில்லை என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது மாதிரி சிரித்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவரை வீட்டுக்கு அனுப்பிய புதிதில் அவளால் அவரைப் புரட்டக்கூட முடியவில்லையாம். முதுகில் படுக்கைப் புண் வந்து எலும்பு தெரிந்ததாம். அக்கம்பக்கத்தில் ஆள் கூப்பிடலாம் என்று அவர் சொன்னதற்கு அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அப்போது அவர் படுத்தபடியே யோசித்து ஒரு வழி சொன்னார். "நீ ஜிம்முக்குப் போ."

அவர் பயிற்சி செய்த அதே இடம். சுரங்கம் ஓடிய நாளில் கட்டிய ஒரு கூடம். உள்ளே இருக்கும் இரும்புத் தட்டுகள் சுரங்கத்துப் பட்டறையில் வெட்டியவை. சாயம் போய்ப் பழுப்பாக இருக்கும். எடையை உளியால் கொத்தியிருப்பார்கள். அங்கே பொம்பளை யாரும் போனதில்லை. அவள் சுடிதார் மேல் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு போய் நின்றாள். பையன்கள் முதல் நாள் சிரித்தார்கள். பிறகு மூலையில் ஒரு கம்பியை அவளுக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். அவள் ஒன்றே ஒன்றுதான் செய்வாள். தரையில் இருக்கும் கம்பியைக் குனிந்து பிடித்து, இடுப்பு வரை தூக்கி நிமிர்ந்து, மறுபடி தரையில் வைப்பாள். மற்றதெல்லாம் அவளுக்குத் தேவையில்லை. கொஞ்ச மாதத்தில் புண் ஆறியது. அவரை ஜிம்தான் காப்பாற்றியது. அதை நான் மறுக்க மாட்டேன்.

கம்பியில் எவ்வளவு ஏற்றுவது என்பதற்கு அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். "என் எடைக்கு மேல ஒரு தட்டு. எப்பவும் ஒரு தட்டு ஜாஸ்தியா தூக்கினாத்தான் வீட்ல நான் லேசா இருப்பேன்."

அவருடைய எடையைத் தெரிந்துகொள்ள அவள் அவரை முதுகில் சுமந்துகொண்டு தெருக்கோடியில் இருக்கும் பழைய இரும்புக் கடைத் தராசுக்குப் போவாள். அவரோடு ஒரு முறை ஏறி நிற்பாள். அவரைக் கடைக்காரரின் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத் தனியாக ஒரு முறை ஏறுவாள். கடைக்காரர் கழித்துச் சொல்வார். ஒவ்வொரு தடவையும் புருஷன் எடை கொஞ்சம் கூடியிருக்கும். படுத்தே இருக்கிற உடம்பு. ஜிம்மில் அவள் இன்னொரு தட்டு மாட்டுவாள்.

"அவரக் கொஞ்சம் கொறச்சி சாப்புடச் சொல்லேன்க்கா" என்று ஒரு நாள் ரயிலில் சொன்னேன்.

"வேற இன்னா இருக்குது அவுருக்கு?" என்றாள். கோபமில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜிம்முக்குப் போய்விட்டு வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "இன்னிக்கு எவ்ளோ?" அவள் சொல்வாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கனத்தைத் தானே பிடித்துப் பார்ப்பது மாதிரி கொஞ்ச நேரம் இருப்பார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருக்கும். சந்தோஷமா, பசியா என்று சொல்ல முடியாது.

எங்கள் வார்டுக்கு சில மெஷின் பெல்ட்டுகள் வந்தது இதற்குப் பிறகு. ஏதோ ஒரு கம்பெனி, ஆஸ்பத்திரியில் பாரம் தூக்குகிறவர்களுக்காகச் செய்தது. வாங்குவதற்கு முன்னால் சில மாதம் போட்டுப் பார்ப்பதற்காகக் கொடுத்திருந்தார்கள். பள்ளிக்கூடப் பை மாதிரி தோளில் இரண்டு பட்டை, இடுப்பில் அகலமாக ஒரு பட்டை, தொடையின் முன்பக்கம் அழுத்துகிற இரண்டு தகடு. இடுப்பின் இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக மோட்டார். குனிந்து நிமிரும்போது அது "உர்"ரென்று ஒரு சத்தத்தோடு முதுகைப் பின்னால் இழுத்து நிமிர்த்தும். கம்பெனியிலிருந்து ஒரு கன்னடத்துப் பெண் இன்ஜினியர் வந்திருந்தாள். சின்ன வயது. யாருக்கு முதலில் போட்டுப் பார்ப்பது என்று கேட்டதும் எல்லோரும் அக்காவைத்தான் கை காட்டினார்கள்.

அந்தப் பெண் முட்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பட்டையாக இழுத்துச் சரிசெய்தாள். அக்கா கூச்சத்தில் நெளிந்தாள். அவளுக்கு இன்னொருத்தர் எதையாவது மாட்டிவிடுவது அதுவே முதல் தடவையாக இருக்கும். பிறகு எங்கள் வார்டிலேயே கனமான நோயாளியிடம் போனோம். பேங்கில் பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். கீழே போட்டுவிடுவார்களோ என்று எப்போதும் பயந்து, அக்கா தூக்கினால் மட்டும் கத்தாமல் இருப்பவர். அவள் குனிந்தாள். மோட்டார் உறுமியது. அவர் நாற்காலியில் இருந்தார்.

"ஹேகிதே அக்கா?" என்றாள் அந்தப் பெண். எப்படி இருக்கிறதாம்.

அக்கா பாத்ரூம் போக வேண்டும் என்றாள். பட்டைகளைக் கழற்றிவிட்டோம். ரொம்ப நேரமாகியும் வராததால் நான் உள்ளே போனேன். குழாயைத் திறந்துவிட்டு அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் ஈரம்.

"வலிக்குதாக்கா?"

"இல்ல." குழாயை மூடினாள். "யாரோ பின்னால நின்னு சேந்து தூக்கற மாதிரி இருந்திச்சி. யாருன்னு திரும்பிப் பாத்தேன்."

அதன்பின் சில நாட்கள் அவள் ரயிலில் தூங்கினாள். அத்தனை வருடத்தில் அவள் தூங்கி நான் பார்த்ததேயில்லை. வாய் லேசாகத் திறந்திருக்க, தலை என் தோளில் வந்து விழும். ஊரிகம் வந்ததும் எழுப்ப மனமில்லாமல் நான் மெதுவாக நகர்ந்து இறங்குவேன்.

அந்தத் தூக்கம் நிலைக்கவில்லை. ஒரு காலை வார்டின் இன்சார்ஜ் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "பெல்ட் போட்டா ஒருத்தரே போதும். நீ மூணாவது மாடிக்குப் போ" என்றார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் அப்போதே குனிந்து அடுத்த படுக்கையில் கை வைத்திருந்தாள். அந்த பெல்ட் யார் எவ்வளவு தூக்கினார்கள் என்று இன்சார்ஜ் சிஸ்டரின் போனுக்குச் சொல்லிவிடும். அவள் பேர்தான் எப்போதும் மேலே. மேலே இருக்கிற பேருக்குப் படுக்கைகளும் கூடிக்கொண்டே போயின. பெரிய மனிதர்கள் யாராவது பார்க்க வந்தால் அவளைத்தான் நிற்க வைப்பார்கள். குனியச் சொல்வார்கள், நிமிரச் சொல்வார்கள், வீடியோ எடுப்பார்கள்.

பட்டைக்கு அடியில் வேர்த்து மார்புக்குக் கீழே தோல் உரிந்தது. கழற்றி மாட்ட நேரமாகிறது என்று அவள் பாத்ரூம் போவதைக் குறைத்தாள். அதற்காகத் தண்ணீர் குடிப்பதை விட்டாள். மாலை ரயிலில் ஏறியதும் ஒரு பாட்டில் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பாள். உதடெல்லாம் வெடித்திருக்கும்.

ஆனாலும் அவளுக்கு அந்த பெல்ட் மேல் ஒரு ஆசை இருந்தது. ஒரு நாள் இன்ஜினியர் பெண்ணிடம் அதை ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு எடுத்துப் போகட்டுமா என்று கேட்டாள். அவள் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்தது அது ஒன்றுதான். அந்தப் பெண் தயங்கினாள். வெளியே கொடுக்கக் கூடாதாம். பிறகு, தானே எடுத்து வருவதாகச் சொன்னாள்.

சொன்னபடி வந்தாள். காரை லைன் முனையில் நிறுத்திவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சந்தில் நடந்து வந்தாள். நானும் ஊரிகத்திலிருந்து போயிருந்தேன். வீட்டுக்குள் இடமில்லாததால் தெருவிலேயே அக்காவுக்கு மாட்டிவிட்டோம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். அக்கா வெட்கத்தோடு சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே அந்த மோட்டார்கள் நுழையவில்லை. பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கி, சுவரில் சுண்ணாம்பு உதிர உரசிக்கொண்டு ஒரு வழியாக நின்றாள்.

அவர் பார்த்துக்கொண்டிருந்தார். காலைப் பரப்பு, முதுகை வளைக்காதே என்று எதுவும் சொல்லவில்லை. அவள் குனிந்தாள். உர்ரென்றது. அவர் பூ மாதிரி நாற்காலிக்குப் போய்விட்டார். அக்காவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நான் இப்போதும் நினைத்துப் பார்ப்பேன். இன்ஜினியர் பெண் கை தட்டினாள்.

"கழட்டு அத" என்றார் அவர்.

அக்கா அவரைப் பார்த்தாள்.

"நல்லாத்தானே கீது மாமா" என்றேன் நான்.

அவர் என்னிடம் சொல்கிற மாதிரி அவளிடம் சொன்னார். "அவ தூக்கறப்ப அவ மூச்சு என் காதாண்ட கேக்கும். எப்போ இழுக்கறா, எப்போ உடறா, எல்லாம் தெரியும். நானும் கூட தம் புடிப்பேன். ரெண்டு பேருமாத்தான் தூக்கறோம். இதுல நான் மூட்ட. மூட்டய எடுத்து வெக்கற மாதிரி எடுத்து வெச்சிட்டா."

அக்கா மறுபடி சுவரை உரசிக்கொண்டு வெளியே வந்தாள். தெருவில் நின்று ஒவ்வொரு பட்டையாகக் கழற்றினாள். எதற்கு என்று இன்ஜினியர் பெண் கன்னடத்தில் என்னைக் கேட்டாள். அளவு சரியில்லையாம் என்று சொல்லி வைத்தேன். கார் போனதும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அவரு சொன்னா நீ கழட்டிடறதா? போட்டுக்கினே தூக்க வேண்டியதுதானே?"

"அவரே வேணான்னா எப்படி மா போட்டுக்கினு தூக்கறது?" என்றாள்.

உள்ளேயிருந்து அவர் கூப்பிட்டார். கட்டிலுக்குத் திரும்ப வேண்டும். அவள் போனாள். இந்த முறை அவர் குரல் கேட்டது. காலப் பரப்பு. முதுக வளைக்காத.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து கம்பெனிக்காரர்கள் வந்து பெல்ட்டுகளை எல்லாம் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஆஸ்பத்திரி வாங்கவில்லை. விலை ஒத்துவரவில்லை என்று பேசிக்கொண்டார்கள். நான் திரும்பவும் பழைய வார்டுக்கு வருவேன் என்று காத்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. பெல்ட் போய்விட்டது, ஒருத்தரே போதும் என்ற ஏற்பாடு மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. அக்கா வெறும் உடம்போடு அத்தனை படுக்கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போயிக் கேளுக்கா" என்றேன்.

"இன்னான்னு கேக்கறது? இத்தினி மாசம் ஒருத்தியாத்தானே தூக்கினன்னு சொல்லுவாங்க."

"அது மெஷினோட தூக்கினது."

"அவங்களுக்கு நான் தூக்கினதுதான் தெரியும்."

பொறுக்காமல் நானே இன்சார்ஜ் சிஸ்டரிடம் போனேன். அவர் நல்ல மாதிரிதான். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அக்காவை அங்கேயே கூப்பிட்டார். "ஒன்னால முடியலியா? முடியலன்னா சொல்லு, நான் மேல எழுதறேன்." ஒரு வார்த்தை போதும். நான் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் சுவரில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்தாள்.

"முடியும் சிஸ்டர்" என்றாள்.

அன்று ரயிலில் பங்காருப்பேட்டை வரை நான் அவளோடு பேசவில்லை. அவள் தானாக, மெல்லிய குரலில் சொன்னாள். "முடியலன்னு சொல்ல வாயத் தொறந்தேன் மா. வரல." பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது.

அவள் வேலைக்கு வராத ஒரு திங்கட்கிழமை எனக்குச் சேதி வந்தது. மாலையில் நேராக அவள் வீட்டுக்குப் போனேன். அவளைக் கோலார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். வீட்டில் அவர் மட்டும். கட்டில் இல்லை. தரையில் மெத்தை போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். அந்த அறை அப்போது எவ்வளவு பெரிதாகத் தெரிந்தது என்று சொல்ல முடியாது. நடந்ததை அவர்தான் சொன்னார், கூரையைப் பார்த்தபடி.

ஞாயிற்றுக்கிழமை காலை. லைனில் இருந்தவர்கள் எல்லோரும் சர்ச்சுக்குப் போயிருந்த நேரம். குளிக்க வைப்பதற்காக அவள் அவரைத் தூக்கினாள். பாதித் தூக்கலில் அவள் இடுப்பில் ஏதோ அறுந்த மாதிரி இருந்திருக்கிறது. சத்தமே போடாமல் அப்படியே சரிந்து அந்தச் சந்தில் உட்கார்ந்துவிட்டாள். அவர் அவள் மேல்.

"என் எடை பூரா அவ மேல. ஒரு பக்கம் செவுரு, ஒரு பக்கம் கட்டில். எனக்கு கை மட்டும்தான் அசையுது. கட்டில் கம்பியப் புடிச்சி இழுத்துப் பாத்தேன், முடியல. கத்தறேன்னு சொன்னேன். வேணாம், கொஞ்ச நேரத்துல சரியாப் பூடும், எழுந்துருவேன்னா. கொஞ்ச நேரம், கொஞ்ச நேரம்னு சொல்லிக்கினே கீறா. அவ மூச்சு சன்னமாப் போவுது. எனக்கு அவ மூச்சு தெரியும்மா. ஜிம்முல கம்பி தூக்கறப்ப எப்டி, என்னத் தூக்கறப்ப எப்டி, எல்லாம் தெரியும். இது வேற மாதிரி."

அவர் நிறுத்தினார். நான் தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"சர்ச்சி உட்டு ஜனங்க வராங்க. தெருவுல பேச்சு கேக்குது. புள்ளைங்க ஓடறது கேக்குது. கத்தறதுக்கு வாயத் தொறந்தேன். பொத்திட்டா."

"யாரு?"

"அவதான். கையால வாயப் பொத்திட்டா. அந்தக் கை எப்படிப்பட்ட கைன்னு ஒனக்குத் தெரியும். எடுக்க முடியல. எல்லாரும் கதவத் தாண்டிப் போறாங்க. நான் பாத்தேன், உட்டா செத்துருவா." அவர் கண்ணை மூடிக்கொண்டார். "கடிச்சேன். ரத்தம் வர்ற வரைக்கும் கடிச்சேன். அப்புறம்தான் எடுத்தா. அப்புறம்தான் கத்தினேன்."

ஜிம் பையன்கள் ஓடி வந்திருக்கிறார்கள். எத்தனை பேர் வந்தும் என்ன, அந்தச் சந்துக்குள் யாரும் இறங்க முடியவில்லை. கட்டிலைத் தெருவுக்கு இழுத்தார்கள். கதவு நிலையில் சிக்கி அதன் கால் ஒன்று உடைந்தது. முதலில் அவரைத் தூக்கினார்கள். பிறகு அவளிடம் போனபோது, "உடுங்கப்பா, நானே எழுந்துக்கறேன்" என்றாளாம். அவர்கள் கேட்கவில்லை.

கோலாரில் அவளைப் பார்த்தேன். மல்லாந்து படுத்திருந்தாள். வலது கையில் கட்டு. முதுகெலும்புக்கு நடுவே இருக்கும் ஜவ்வு பிதுங்கி நரம்பை நசுக்கிவிட்டது என்றார்கள். ஆபரேஷன் முடிந்து நடக்கலாம், ஆனால் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் என்னிடம் வலியைப் பற்றியோ டாக்டரைப் பற்றியோ பேசவில்லை. "அவரு கத்திட்டாரு மா" என்றாள். யாரோ வீட்டு ரகசியத்தை வெளியே சொல்லிவிட்ட மாதிரி அந்தக் குரல்.

எங்கள் ஆஸ்பத்திரியில் அவளுடைய இடத்துக்கு இரண்டு பேரை எடுத்தார்கள்.

அதன்பிறகு ஜிம் பையன்கள் முறை வைத்துக்கொண்டு காலையும் மாலையும் அவர் வீட்டுக்கு வந்தார்கள். உடைந்த கட்டிலுக்குப் பதில் சின்னதாக ஒன்று போட்டு, இரண்டு பக்கமும் ஆள் நிற்க வழி விட்டார்கள். பீரோவைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளினார்கள். எல்லாம் ஒரு நாள் வேலைதான். இதை முன்னாலேயே செய்திருக்கலாம் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

எனக்குக் கல்யாணமாகிப் பெங்களூரோடு போனபின் பார்ப்பது குறைந்தது. அவளைக் கடைசியாகப் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மாரிகுப்பம் ஸ்டேஷனில். அவள் வீட்டுக்குப் போகலாம் என்றுதான் இறங்கினேன். அவளே பிளாட்பாரத்தில், ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். புடவைக்கு மேல் இடுப்பில் டாக்டர் கொடுத்த பட்டை. கையில் பை எதுவும் இல்லை. ஊருக்குப் போகிறவள் மாதிரியும் இல்லை, யாருக்கோ காத்திருக்கிறவள் மாதிரியும் இல்லை.

"இங்க இன்னாக்கா பண்ற?"

"பசங்க வந்துகீறாங்க. அவருக்குக் குளிப்பாட்டற நேரம்."

"அதுக்கு நீ ஏன் இங்க வந்து ஒக்காந்திருக்க?"

நகர்ந்து இடம் விட்டாள். நான் உட்கார்ந்தேன்.

"அவங்க தூக்கறப்ப நான் உள்ள இருந்தா என் ஒடம்பும் சேந்து தூக்குது மா. இடுப்புல சுருக்குனு புடிச்சிக்குது. வெளியில வந்து நின்னேன், சத்தம் கேட்டுச்சி. தெருக்கோடிக்குப் போனேன், அங்கயும் போறவங்க வர்றவங்க இன்னா ஏதுன்னு கேக்கறாங்க. இங்க வந்துட்டா ஒண்ணும் தெரியல."

"டெய்லி வருவியா?"

"ரெண்டு வேளையும்."

பிறகு சொன்னாள். "அவரு இப்போல்லாம் சிரிக்கறாரு. பசங்களுக்கு ஜிம்மு வெசயம்லாம் சொல்லிக்கினு, அவங்க கிண்டல் பண்ண, இவரு ஒண்ணு சொல்ல. அன்னிக்கி சீக்கிரம் திரும்பிப் போயிட்டேன். கதவாண்ட வரைக்கும் சிரிப்பு கேட்டுச்சி. நான் உள்ள போனதும் நின்னுடுச்சி. என் கையப் பாக்கறாரு."

நான் அவள் கையைப் பார்க்கவில்லை.

நான் வந்த ரயில் காலியாக நின்றுகொண்டிருந்தது. அதற்கு மேல் தண்டவாளம் கிடையாது. வந்த வழியே திரும்பிப் போக வேண்டியதுதான். இரண்டு மூன்று பேர் ஏறி உட்கார்ந்தார்கள். ஊதல் கொடுத்துவிட்டு அது ஊரிகம் பக்கம் நகர்ந்து போயிற்று. பிளாட்பாரத்தில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"இந்நேரம் முடிஞ்சிருக்கும்க்கா" என்றேன். "போலாமா?"

"முடிஞ்சிருக்கும்" என்றாள். எழுந்திருக்கவில்லை. கால்களை நீட்டி, செருப்பைக் கழற்றி, பாதங்களைச் சிமெண்டுத் தரையில் வைத்தாள்.

"நீ போயி அவரப் பாரு. டீ போட்டுத் தரச் சொல்லு பசங்கள, நல்லா போடுவாங்க. நான் கொஞ்ச நேரம் இருந்துட்டு வரேன். இப்போ யாரும் என்னக் கூப்புட மாட்டாங்க."